ஒற்றைக்கண் இரவுப் பார்வைக் கருவி: தேர்வும் பூட்டலும்

ஒற்றைக்கண் இரவுப் பார்வைக் கருவியில் முக்கிய உறுப்புகள் மூன்றுதான். மங்கல் ஒளியைத் திரட்டுவது முன் லென்ஸ். அந்த ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்குவது குழல். பெருக்கிய படத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பின் லென்ஸ். இம்மூன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துவைக்க ஓர் உடலும், மின்சாரம் தர ஒரு பேட்டரியும் வேண்டும். அமெரிக்க இராணுவம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட பி.வி.எஸ்-14 தான் இந்த வகைக்கு இன்றும் அளவுகோல். அதன் பார்வைப் புலம் 40 பாகை, உருப்பெருக்கம் கிடையாது, எடை ஏறத்தாழ 350 கிராம். அமெரிக்காவில் உடல், லென்ஸ், குழல் எல்லாம் தனித்தனியாகவே கடைக்கு வருகின்றன. அதனால் வேட்டையாடுவோரும், தேடல் மீட்புப் பணியில் இருப்போரும், வானியல் ஆர்வலர்களும் தங்கள் தேவைக்கேற்பப் பாகங்களை வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது.

கையில் பிடித்தால் 350 கிராம் பெரிய எடையல்ல. ஆனால் இந்தக் கருவி ஹெல்மெட்டின் நெற்றியிலிருந்து கண்ணுக்கு முன்னால் தொங்குவது. கழுத்தின் உச்சியில் தலை ஒரு துலாக்கோல்போல நிற்கிறது. அதன் தாங்குபுள்ளி காதை ஒட்டியிருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து கருவி 20 செ.மீ. முன்னாலும், ஹெல்மெட்டின் பின்புறம் கட்டும் எதிர் எடை 10 செ.மீ. பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 350 கிராமை முழுவதும் சமன்செய்ய 700 கிராம் வேண்டும். கருவி 250 கிராமாக இறங்கினால் 500 கிராம் போதும். முன்னால் 100 கிராம் குறைந்தால் தலைமேல் மொத்தம் 300 கிராம் குறைகிறது. மூன்று மணி நேரம் நடந்தவரின் பிடரிக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எனவே எடையைக் குறைக்க முனைவதில் நியாயம் இருக்கிறது. அதை எந்த உறுப்பிலிருந்து குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்வதே தேர்வின் சாரம்.

முதலில் குழல். அது காற்று முழுவதும் நீக்கப்பட்ட ஒரு சிறு உருளை. முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும் மெல்லிய பூச்சு உண்டு. அதற்குப் பின்னால், சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இலட்சக்கணக்கான துளைகள் கொண்ட கண்ணாடித் தட்டு இருக்கிறது. ஒரு துளைக்குள் புகும் எலக்ட்ரான் சுவரில் மோதிப் பல எலக்ட்ரான்களைக் கிளப்ப, அவை மீண்டும் மோதி மேலும் பலவற்றைக் கிளப்புகின்றன. இப்படிப் பெருகிய கூட்டம் சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் பாஸ்பர் திரைமேல் பாய்ந்து ஒளிர்கிறது. முன் லென்ஸ் படத்தைத் தலைகீழாகத் தருவதால், திரைக்குப் பின்னுள்ள கண்ணாடி இழைக்கற்றை 180 பாகை முறுக்கப்பட்டு அதை நேராக்கிவிடுகிறது. இத்தனைக்கும் வெளியிலிருந்து கொடுப்பது 3 வோல்ட் மட்டுமே. குழலைச் சுற்றி வார்க்கப்பட்ட மின்சுற்றே அதை உயர் அழுத்தமாக மாற்றிக்கொள்கிறது.

குழல்களைத் தலைமுறை சொல்லி விற்பது வழக்கம். 1945-இல் ஒகினாவாவில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய துப்பாக்கித் தொலைநோக்கி தானே அகச்சிவப்பு விளக்கை வீசிப் பார்த்தது. வியட்நாம் போரின் பி.வி.எஸ்-2 விளக்கின்றி விண்மீன் ஒளியில் பார்த்த முதல் தலைமுறை. நுண்துளைத் தட்டு வந்தது இரண்டாம் தலைமுறை. பூச்சில் காலியம் ஆர்சனைடு வந்தது 1980-களின் மூன்றாம் தலைமுறை. மூன்றாவதே மேல் என்று சட்டென்று முடிவு கட்டிவிடுவது தவறு. பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் ஆலை நடத்திய ஃபோட்டோனிஸ் நிறுவனம் இரண்டாம் தலைமுறைப் பூச்சையே செம்மைப்படுத்தி, மூன்றாம் தலைமுறையின் சாதாரணக் குழல்களோடு போட்டியிடும் தரத்துக்குக் கொண்டுவந்தது. நம்ப வேண்டியது குழலோடு வரும் அளவீட்டுத் தாளையே. அதுவும் அந்த மாடலுக்கான பொதுத் தாளாக இருந்தால் பயனில்லை. வாங்கும் குழலின் வரிசை எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும்.

அந்தத் தாளில் விற்பவர்கள் உரக்கச் சொல்லும் எண் தகுதிக் குறியீடு. கூர்மையையும் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தையும் பெருக்கினால் வருவது அது. ஒரு மில்லிமீட்டரில் 64 கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்டும் குழலின் இரைச்சல் விகிதம் 25 என்றால் குறியீடு 1600. 72-உம் 30-உம் என்றால் 2160. பெருக்குத்தொகை என்பதால் இது ஏமாற்றவும் செய்யும். 57 கோட்டு இணையும் 32 விகிதமும் கொண்ட குழலும், 72 கோட்டு இணையும் 25-ஐச் சற்றே தாண்டிய விகிதமும் கொண்ட குழலும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. நிலவில் இரண்டாவது குழல் கூர்மையாகத் தெரியும். நிலவில்லாத இரவில், மரங்களுக்கு அடியில், அதே குழலில் மணல் கொதிப்பதுபோன்ற புள்ளிகள் படத்தை மூடிவிடும். முதல் குழலில் உருவம் அப்போதும் நிற்கும். இரவுப் பார்வைக் கருவி உண்மையில் தேவைப்படுவது அந்த இருட்டில்தான். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியுமென்றால் இரைச்சல் விகிதத்தைப் பிடித்துக்கொள்வதே சரி. 64 கோட்டு இணையே கணக்குப்படி 100 மீட்டரில் ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள ஒரு கருப்பு வெள்ளைப் பட்டை இணையைப் பிரித்துக் காட்டும். லென்ஸின் குறைகளைக் கழித்துவிட்டாலும் நடப்பதற்கும் ஆளைக் கண்டறிவதற்கும் அது போதும்.

தகுதிக் குறியீட்டில் சேராத இன்னோர் எண்ணும் அந்தத் தாளில் இருக்கும்: பின்புல ஒளிர்வு. ஒளியே படாதபோதும் பூச்சிலிருந்து தானாகக் கசியும் எலக்ட்ரான்கள் திரையில் ஒரு மங்கல் வெளிச்சத்தை உண்டாக்குகின்றன. அதன் அளவு இது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெப்பம் ஏற ஏற இந்தக் கசிவும் ஏறும். தாளில் இருப்பது அறை வெப்பத்தில் எடுத்த அளவு. அரிசோனாவின் கோடை இரவிலோ, புழுங்கும் சென்னைக் கடற்கரையிலோ அதே குழல் கூடுதல் மங்கலாகத்தான் காட்டும். வெப்ப நாட்டில் பயன்படுத்துவோர் இந்த எண்ணைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

கரும்புள்ளிகளைப் பொறுத்தவரை, எத்தனை என்பதைவிட எங்கே என்பதே முக்கியம். 18 மி.மீ. திரையை நடுவிலுள்ள 5.6 மி.மீ. வட்டம், அதைச் சூழ்ந்து 14.7 மி.மீ. வரை, பிறகு விளிம்பு என மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் குறிப்பார்கள். விளிம்பில் இரண்டு புள்ளி இருப்பதால் விலை இறங்குகிறதென்றால் அது நல்ல பேரம். இருட்டிலும் அணையாமல் ஒளிரும் வெள்ளைப் புள்ளி இருந்தால் மட்டும் அந்தக் குழலை மறுத்துவிட வேண்டும். திரையின் நிறம் பச்சையா வெள்ளையா என்பது பெரும்பாலும் விருப்பம் சார்ந்தது. வெள்ளைத் திரையில் நிழல் வேறுபாடு இயல்பாகத் தெரிகிறது என்று பலர் உணர்கிறார்கள்.

குழல் வாங்குவதில் பணம் ஒரு தடை, சட்டம் இன்னொன்று. அமெரிக்காவில் குடிமக்கள் இதைச் சொந்தமாக வைத்திருக்கலாம். ஆனால் உரிமமின்றிப் பையில் போட்டுக்கொண்டு எல்லையைக் கடந்தாலே அது ஏற்றுமதிக் குற்றம். இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 2007 காட்டியது. இரவுப் பார்வைத் தொழில்நுட்பத் தகவல்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய வழக்கில் ஐ.டி.டி. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 மில்லியன் டாலர் தண்டனையை ஏற்றது. அதில் பாதியை இன்னும் மேம்பட்ட இரவுப் பார்வைத் தொழில்நுட்பத்தை உருவாக்கச் செலவிட இடமளிக்கப்பட்டது. இத்தகைய குழல்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாசனார் உடன்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியாவிலேயே ஒளிபெருக்கிக் குழல்களைச் செய்வது பாரத் எலெக்ட்ரானிக்ஸின் துணை நிறுவனமாகப் புனேயில் இயங்கும் பெல் ஆப்ட்ரானிக் டிவைசஸ். அதன் முதன்மை வாடிக்கையாளர் பாதுகாப்புத் துறை. இணையத்தில் பார்த்து ஒரு குழலை வரவழைத்துவிடலாம் என்று எண்ணுவோர், பணம் கட்டுமுன் இரு நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது உடல். எந்தக் குழல் எந்த உடலில் உட்காரும் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. எம்.எக்ஸ்-11769 பி.வி.எஸ்-14-க்காக வந்த குழல். அதிலிருந்து ஒரு மெல்லிய நாடா வெளியே வரும். உடலிலுள்ள திருகோடு அதை இணைத்தால் ஒளிப்பெருக்கத்தைக் கையாலேயே கூட்டவோ குறைக்கவோ முடியும். எம்.எக்ஸ்-10160 விமானிகளின் இரட்டைக்கண் கருவிக்காக வந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு மின்தொடர்புத் தகடுகள் மட்டும் உண்டு, பெருக்கம் மாறாது. எடை குறைந்த உடல்கள் பல 10160-ஐயே எடுத்துக்கொள்கின்றன. திருகும் அதன் மின்சுற்றும் இல்லாததால் உடல் சிறுத்துவிடுகிறது. உலோகத்துக்குப் பதில் பாலிமரில் வார்த்த உடலும் இலகு லென்ஸும் சேர்ந்தால் கருவி 250 கிராமை ஒட்டி வந்துவிடும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். இரட்டைக்கண் கருவியில் இரு கண்ணுக்கும் ஒரே வெளிச்சம் என்பதால் பெருக்கம் மாறாவிட்டாலும் குறையில்லை. ஒற்றைக்கண் கருவியில் ஒரு கண் ஒளிரும் திரையைப் பார்க்கிறது, மற்றது வெறும் இருட்டை. திரை மிகையாக ஒளிர்ந்தால் மூளை வெறுங்கண்ணின் காட்சியைத் தள்ளிவிடும். கருவியைக் கழற்றியதும், திரையைப் பார்த்த கண் சில நிமிடம் குருடாகவே இருக்கும். திரையைத் தணித்து வெறுங்கண் காண்பதற்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் இரண்டு காட்சியும் ஒன்றாகிவிடும்; காலடி மேடுபள்ளமும் ஓரளவு பிடிபடும். ஆகவே ஒற்றைக்கண் கருவிக்குப் பெருக்கத் திருகு ஆடம்பரம் அன்று. அதைத் துறந்து மிச்சமாகும் சில பத்து கிராம் நல்ல பேரமாகாது. நாடா இணைத்த 10160 வகைக் குழல்களும், அவற்றை ஏற்கும் இலகு உடல்களும் கிடைக்கின்றன. எடையும் குறைய வேண்டும், திருகும் வேண்டும் என்போர் தேட வேண்டியது அவற்றைத்தான்.

முன் லென்ஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வழக்கமான லென்ஸின் குவிதூரம் 27 மி.மீ., ஒளித்துளை எஃப் 1.2. இதைவிடச் சிறு துளையுள்ள லென்ஸ் எடை குறையும், விலையும் குறையும். ஆனால் எஃப் 1.4-க்கு இறங்கினாலே குழலுக்கு வந்து சேரும் ஒளி நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இரைச்சல் விகிதம் ஒளியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 30 விகிதமுள்ள விலையுயர்ந்த குழல் 26 விகிதமுள்ள குழலைப்போல நடந்துகொள்ளும். குழலுக்குக் கொட்டிய பணத்தை லென்ஸ் விழுங்கிவிடும். துளையைச் சிறுக்காமல் சட்டத்தையும் கண்ணாடி வகையையும் மாற்றி இலகுவாக்கிய லென்ஸ்கள் உண்டு. விலை கூடினாலும் எடை குறைப்புக்குச் செலவிட வேண்டிய இடம் அதுவே. காரணம், கருவியில் நெற்றிக்கு மிகத் தொலைவில் இருக்கும் உறுப்பு முன் லென்ஸ்.

பேட்டரியில் அதிகம் யோசிக்க எதுவுமில்லை. 3 வோல்ட் சி.ஆர்.123 நேரடியாகக் குழலை ஓட்டும். 1.5 வோல்ட் ஏ.ஏ. என்றால் அழுத்தம் உயர்த்தும் சிறு சுற்று வேண்டும். ஆனால் ஏ.ஏ. பேட்டரி பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். இரண்டுமே ஓர் இரவைத் தாராளமாகத் தாண்டும்.

இனிப் பூட்டல். இரட்டைக்கண் கருவியில் இரு குழல்களின் அச்சும் இணையாக நிற்க வேண்டும். அதைச் சரிபார்க்கத் தனிக் கருவியே தேவை. ஒற்றைக்கண் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டு மேசையில் பொறுமையோடு பூட்டி முடிக்கக்கூடியது அது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். மேசையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். தூள் இல்லாத கையுறை, காற்றூதி, லென்ஸ் தாள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பூட்டு வளையத்தைத் திருகும் இருமுனைச் சாவி, ஓ-ரிங்குக்குப் பூச சிலிக்கோன் கிரீஸ் ஆகியவை கையெட்டும் தொலைவில் இருந்தால் போதும். அசிட்டோன் பாலிமர் உடலை அரித்துவிடக்கூடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

தூசி எங்கே ஒட்டினால் கேடு என்பதைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகும். குழலின் முன் கண்ணாடி சில மில்லிமீட்டர் தடிமன். பூச்சு அதன் உட்புறம். வெளிமுகத்தில் ஒரு தூசி இருந்தாலும் அது குவியத்துக்கு வெளியே இருப்பதால் கரைந்து மறைந்துவிடும். பின்பக்கம் நேர்மாறு. இழைக்கற்றை படத்தைத் தன் வெளிமுகத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. பின் லென்ஸ் உற்றுப் பார்ப்பதும் அந்த முகத்தையே. கண்ணுக்குத் தெரியாத ஒரு பஞ்சுத் துணுக்கு அங்கே ஒட்டினால் படத்தில் கருப்பு நூலாகக் கிடக்கும். அதனால் பின்முகத்தை முதலில் காற்றால் ஊதி, சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, தேவையென்றால் மட்டும் ஒருமுறை நனைத்த தாளால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, உடனே மூடிவிட வேண்டும்.

குழலின் ஓரத்திலுள்ள பள்ளம் உடலின் உள்ளேயுள்ள மேட்டோடு பொருந்தும்படி மெல்ல இறக்க வேண்டும். பொருந்தாவிட்டால் தொடர்புத் தகடுகள் உடலின் வில்களைத் தொடாது. நாடா உள்ள குழலென்றால் அது மடியாமல் தன் வழியில் போகிறதா என்று பார்த்த பின்பே பூட்டு வளையத்தைத் திருக வேண்டும். வளையம் குழலை ஆடாமல் பிடித்தால் போதும், நெரிக்கக் கூடாது. இருமுனைச் சாவி ஒருமுறை வழுக்கினாலும் கண்ணாடியில் கீறல் விழும். அதனால் திருகும்போது நடுவில் ஒரு லென்ஸ் தாளை விரித்துக்கொள்வது நல்ல பழக்கம். ஓ-ரிங்குகளுக்குக் கிரீஸ் மினுமினுப்பாகத் தெரியுமளவு பூசி, முன் பின் லென்ஸ்களைக் கையாலேயே இழை பிசகாமல் ஏற்ற வேண்டும்.

பேட்டரியைப் போட்டு முதன்முறை இயக்கும்போது அறை இருட்டாகவும் முன் மூடி மூடியபடியும் இருக்க வேண்டும். அந்த மூடியின் நடுவிலுள்ள ஊசித்துளையே சோதனைக்குப் போதிய ஒளியை விடும். வெளிச்சமான அறையில் மூடியைத் திறந்து இயக்கினால் பூச்சு நிரந்தரமாகப் பாழாகலாம். படம் வந்ததும், சந்தேகப் புள்ளி ஏதும் தெரிந்தால் பின் லென்ஸை மட்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும். புள்ளியும் கூடவே சுழன்றால் தூசி லென்ஸில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால், குழலின் பின்முகத்தை மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அது குழலோடு பிறந்தது. தாளிலுள்ள புள்ளிக் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குவியம் சரிசெய்யும் வேலைக்குத் தெளிந்த வானமுள்ள இரவு வேண்டும். முதலில் பின் லென்ஸைத் திருப்பி, திரையின் நுண்மணிகள் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இது பார்ப்பவரின் கண்ணுக்கானது. பிறகு முன் லென்ஸை ஒரு விண்மீனை நோக்கித் திருப்பி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருக வேண்டும். அந்த இடமே முடிவிலி. நிறுத்து வளையத்தை அங்கே பூட்டிவிட்டால், இனி இருட்டில் லென்ஸை முட்டும்வரை திருகினாலே தொலைவுக் காட்சி கூர்மையாகும். சுவரையோ எதிர்வீட்டு மாடியையோ வைத்து இதைச் செய்தால் விண்மீன்கள் என்றும் மங்கிய திட்டுகளாகவே தெரியும்.

உட்புறக் காற்றில் ஈரம் இருந்தால் குளிர்ந்த இரவில் லென்ஸின் உட்பக்கம் பனித்துவிடும். அதனால்தான் உடலில் ஒரு சிறு வடிகால் திருகு வைத்திருக்கிறார்கள். அதன் வழியே உலர் நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் செலுத்தி, ஈரக்காற்றை வெளியேற்றித் திருகை மூடுவார்கள். நைட்ரஜன் வசதி இல்லாதவர்கள் பூட்டலையே மிக உலர்ந்த அறையில் செய்து ஓரளவு சமாளிக்கலாம். அது நைட்ரஜனுக்கு ஈடாகாது.

ஹெல்மெட்டில் மாட்டும் தாங்கியும் வளைந்த கையும் எடைக் கணக்கில் அடிக்கடி மறக்கப்படுபவை. உடலில் பாடுபட்டுக் குறைத்த கிராம்களை ஒரு கனத்த உலோகத் தாங்கி திருப்பிக் கொடுத்துவிடும். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையில் இரண்டு செ.மீ. அளவே இருக்கும்படி கருவியை நெருக்கமாக நிறுத்த உதவும் தாங்கியே நல்லது. அப்போது பார்வைப் புலம் முழுவதும் தெரியும், நெம்புதூரமும் குறையும். தாங்கி நழுவினால் குழல் தரையில் மோதாமலிருக்க, கருவிக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய கயிறு கட்டாயம் வேண்டும்.

பயன்படுத்தாத நாள்களில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்; ஒழுகிய பேட்டரி தொடர்புத் தகடுகளை அரித்துவிடும். முன் மூடியைப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. கடலோர ஊர்களில் கேமரா வைத்திருப்போர் செய்யும் அதே பராமரிப்பு இதற்கும் பொருந்தும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம்.